ராயபுரத்தில் மலாய் பேசிய பத்து நாட்கள்

மச்சான் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். ஆனால் என்னை எதிர்பார்த்து அல்ல. வெளியே வந்து அரை மணி நேரம் தேடிய பிறகுதான் அவரைக் கண்டுபிடித்தேன். புறப்படுகிறவர்களின் வாசலில் நின்று, இரண்டு பிலிப்பைன்ஸ் மாலுமிகளை மாறி மாறிக் கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்.

"அட, மாப்ளயா! வாங்க வாங்க. இவங்கள ஏத்திவிட வந்தேன். அப்படியே உங்களையும் கூட்டிட்டுப் போயிரலாம்லா?"

மலேசியாவில் கிள்ளானிலிருந்து கடல் தாண்டி வந்த தங்கை மாப்பிள்ளைக்கு 'அப்படியே' ஒரு வரவேற்பு. பரவாயில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருடைய வேனில் ஏறினேன். உள்ளே தார் வாசனையும் கயிற்று வாசனையும் சேர்ந்து, என்னை ஏதோ பாய்மரக் கப்பலில் ஏற்றியது போல இருந்தது.

மச்சான் பெயர் ஞானதுரை. திசையன்விளைப் பக்கத்துக்காரர். ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே கயிறு, தார்ப்பாய், வலைக்கான மிதவை எல்லாம் விற்கும் கடை வைத்திருக்கிறார். அவருடைய சபையில் நாலு பேர் சேர்ந்த ஒரு குழு உண்டு. துறைமுகத்துக்கு வரும் மாலுமிகளைப் போய்ப் பார்ப்பது அவர்கள் வேலை. பழைய பத்திரிகை கொடுப்பார்கள், சட்டை கொடுப்பார்கள், வீட்டுக்குப் பேச ஐ.எஸ்.டி. பூத்துக்கு அழைத்துப் போவார்கள். மொபைல் போன் எல்லார் கையிலும் வராத காலம் அது.

நான் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபையில் மாதம் ஒரு ஞாயிறு பிரசங்கமும் செய்வேன். 'தன்னலமற்ற சேவையில் மெய்யான மகிழ்ச்சி' என்பது எனக்குப் பிடித்த தலைப்பு. அதை எத்தனை முறை பேசினேன் என்று என் மனைவி சரியாகச் சொல்வாள். ஆனால் சென்னைக்கு நான் சேவைக்காக வரவில்லை, சேலைக்காக வந்தேன். சபைப் பாடகர் குழுப் பெண்கள் முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே நிறத்தில் சேலை வேண்டும். என் மனைவிக்கு முழங்கால் வலி. ஆகவே ஒரு நூல் துண்டை உறையில் போட்டு, இந்த நிறம்தான் என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள்.

கல்மண்டபத்தை நெருங்கியபோது கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. எங்கள் ஊரிலும் துறைமுகத்துக்கு லாரிகள் போகும். ஆனால் போகும். இங்கே நின்றன. ஓட்டுநர்கள் கீழே இறங்கிப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "நேத்து வந்ததுங்க" என்றார் மச்சான், விருந்தாளிகளை அறிமுகப்படுத்துவது போல.

வீட்டில் மச்சானின் மனைவி ரோஸ்லின் அக்கா சங்கரா மீன் குழம்பும் நெத்திலி வறுவலும் செய்து வைத்திருந்தார். காசிமேட்டில் காலையில் இறங்கிய மீன். கிள்ளானில் நான் இத்தனை வருடம் தின்றது மீன்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. "சாப்பிடுங்க தம்பி. இவர நம்பி இருந்தா பட்டினிதான். கடையப் பாக்க ஆளில்ல, கப்பலப் பாக்கப் போயிருதாரு" என்றார் அக்கா. மச்சான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னொரு மீனைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை வண்ணாரப்பேட்டையில் சேலை வாங்குவதாகத் திட்டம். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது மச்சான் வந்தார்.

"மாப்ள, உங்களுக்கு மலாய் தெரியும்லா?"

எங்கள் ஊரில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'லா' போடுவோம். மச்சானும் போடுவார், அது திருநெல்வேலி 'லா'. ஆகவே எங்கள் பேச்சு எப்போதும் ஒத்துப்போவது போலவே இருக்கும். தெரியும்லா என்று சொல்லித் தொலைத்தேன்.

"அரை மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போயிருங்க."

ஒரு கப்பலில் இரும்பு வடம் அறுந்து விழுந்து, இந்தோனேசிய மாலுமி ஒருவரின் பாதம் நசுங்கிவிட்டதாம். கப்பல் ஏஜென்ட் அவரை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போனவர் போனவர்தான். கப்பலும் போய்விட்டது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அங்கே யாருக்கும் மலாய் தெரியாது.

மூர்த்தி என்பவரின் ஆட்டோவில் போனோம். மச்சானுக்குப் பழக்கமான ஓட்டுநர். திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தே ஓட்டினார். "இன்னா சார், மலேசியாவா? நம்ம ஆளு மாரியே கீற!" என்றார். மாதிரி என்ன, நம்ம ஆள்தான் என்றேன். நம்பவில்லை.

வார்டில் அந்த மாலுமி ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். பெயர் ஹாசன். முப்பத்தைந்து வயதிருக்கும். காலில் பெரிய கட்டு. கன்னியம்மா என்ற ஆயா நிலைமையை விளக்கினார்.

"எத்தக் கேட்டாலும் யெஸ் சார், யெஸ் சாருன்றான். என்னையும் சாருன்னுதான் கூப்புடுறான். ஆனா ஊசியத் தூக்கினு போனா காலை இஸ்த்துக்கினு கத்துறான். நீ பேசு சார், பாக்கலாம்."

"அப்பா காபார்?" என்றேன். நலமா என்று அர்த்தம்.

ஹாசனின் தலை சட்டென்று திரும்பியது. நாலு நாளாக அடைத்து வைத்திருந்த பேச்சு முழுவதையும் என் மேல் கொட்டினார். முக்கால்வாசி புரிந்தது. மீதிக்குத் தலையாட்டினேன். இந்தோனேசிய மொழியும் எங்கள் மலாயும் அக்கா தங்கை போல. முகம் ஒன்றுதான், குணம் கொஞ்சம் வேறு. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று அப்போது எனக்குத் தெரியாது.

இளம் டாக்டர் அம்மா வந்து சொன்னார், "ரெண்டு விரல எடுத்தாகணும். சீழ் வச்சிருச்சு. சம்மதிச்சா நாளைக்கே பண்ணிடலாம்." மொழிபெயர்த்தேன். ஹாசன் முகம் வெளுத்தது. பணத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். தோளில் கை வைத்து, பிரசங்க மேடையில் சிரிப்பேனே, அந்தச் சிரிப்பைச் சிரித்து, "கவலை வேண்டாம். இந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் எல்லாம் பெர்ச்சுமா. ஆபரேஷன்கூட பெர்ச்சுமாதான்" என்றேன். பெர்ச்சுமா என்றால் எங்கள் ஊரில் இலவசம்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நன்றியில் அழுகிறார்" என்று மச்சானிடம் சொன்னேன்.

மனம் நிறைந்துபோய் வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர் நூல் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கத்தரிப்பூ கலர்" என்று ஒன்றைக் காட்டினார். இல்லை என்றேன். வெங்காயத் தோல், நாவல்பழம், மழை மேகம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு காய்கறிச் சந்தை முழுவதையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அப்போதும் சந்தோஷம் குறையவில்லை. காலையில் ஒரு மனிதனுக்கு உதவியவன் அல்லவா? வழியில் வண்டிக்கடையில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. புளியும் வறுத்த பூண்டும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கிள்ளானில் வறுத்துத் தரும் மீ கோரெங் நூடுல்ஸுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

மூன்றாம் நாள் ஊர் பார்க்கப் போனேன். மச்சானுக்குக் கடையில் சரக்கு வந்திருந்ததால் மூர்த்தியோடு அனுப்பிவைத்தார். திருவொற்றியூர் வழியாகக் கடலை ஒட்டியே போனோம். ஒரு பக்கம் அலை தடுக்கக் கொட்டிய கருங்கல், மறு பக்கம் தொழிற்சாலைச் சுவர். மூர்த்தி ஒவ்வொரு புகைபோக்கியையும் கோபுரம் காட்டுவது போலக் காட்டினார்.

"இதான் சார் எண்ணூரு. ஆறும் கடலும் சேர்ற எடம். ஷோக்கா கீதா?"

ஷோக்காகத்தான் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று பெண்கள் கையாலேயே இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் அனல் மின் நிலையம் புகை விட்டது. மூர்த்திக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த இறாலையே வறுத்துக் கொடுத்தார்கள். இரண்டு தட்டு சாப்பிட்டேன். நேற்றைய என் சேவையைப் பற்றி மூர்த்தியிடம் விரிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பினால் மச்சான் கூடத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, ஹாசன் நேத்துலருந்து ஒரு பருக்கை தொடல. கையெழுத்தும் போடமாட்டேங்கான். காய்ச்சல் வேற. பேப்பர் கேட்டு இத எழுதித் தந்தான். படிங்க."

அவருடைய மனைவிக்கு எழுதிய கடிதம் அது. உரக்கப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

"நூர், ஒரு பெரியவர் வந்தார். நம் மொழி மாதிரியே பேசினார். எனக்கு இனி வைத்தியம் செய்து பயனில்லை என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்தாலும் வீண்தானாம். சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த ஊரில் சாவைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள் போலிருக்கிறது. பிள்ளைகளை உன் அண்ணன் வீட்டுக்கு..."

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. 'வீண்' என்று நான் மொழிபெயர்த்த இடத்தில் ஹாசன் எழுதியிருந்த சொல் பெர்ச்சுமா. எங்கள் ஊரில் இலவசம். அவர்கள் ஊரில் வீண்.

மச்சானிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செருப்பைத் தேடினார். "எழும்புங்க" என்றார், அவ்வளவுதான்.

மூர்த்தியின் ஆட்டோ நூறு அடிகூடப் போகவில்லை. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி. "நட்ந்து போ சார், இன்னிக்கு இது நவுராது" என்றார் மூர்த்தி. நடந்தோம். பிறகு ஓடினோம். எனக்கு அறுபது, மச்சானுக்கு அறுபத்திரண்டு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் லாரிகளின் சந்தில் புகுந்து புகுந்து போக, வயிற்றில் எண்ணூர் இறாலைச் சுமந்துகொண்டு நான் பின்னால் போனேன். பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. கன்னியம்மாதான் வாசலில் பேசி எங்களை உள்ளே விட்டார்.

ஹாசன் கண்ணை மூடிக் கிடந்தார். காய்ச்சல் வாசனை அடித்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டே "கிராத்திஸ்! பெர்ச்சுமா இல்லை, கிராத்திஸ்! கிராத்திஸ்!" என்று கத்தினேன். வார்டு முழுவதும் எழுந்து உட்கார்ந்தது.

கண்ணைத் திறந்தார். "கிராத்திஸ்?"

"கிராத்திஸ். காசு வேண்டாம். நீ பிழைப்பாய். வீட்டுக்குப் போவாய். மலேசியாவில் கிராத்திஸுக்குத்தான் பெர்ச்சுமா என்போம். தப்பு என்னுடையது."

முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். சிரிக்க ஆரம்பித்தவர் அழுகையில் போய் முடித்தார். கன்னியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார், நேத்து சிர்ச்சிகினே அழ வச்ச, இன்னிக்கு அழுதுகினே சிரிக்க வச்ச. கஞ்சி குடிக்கச் சொல்லு மொதல்ல" என்றார். குடித்தார். கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் காலை ஆபரேஷனுக்கு முன் மச்சான் கட்டிலருகில் நின்று ஜெபம் செய்தார். மச்சானுடைய ஜெபம் கடையில் ஆளைக் கூப்பிடுவது போல இருக்கும், கடவுள் அடுத்த தெருவில் நிற்கிறார் என்ற கணக்கில். முடிந்ததும் ஹாசன் இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவி "ஆமீன்" என்றார். "பாத்தியளா, அவனுக்குத் தமிழ் புரியுது!" என்று மச்சானுக்கு ஒரே பூரிப்பு. இஸ்லாமியரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு விரல் எடுக்க வேண்டிய இடத்தில் மூன்று எடுத்தார்கள். நடுவில் ஒரு நாள் வீணாகிவிட்டதல்லவா, சீழ் ஏறிவிட்டது என்றார் டாக்டர் அம்மா. என்னைக் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. அவருக்கு விஷயமே தெரியாது.

எனக்குத் தெரியுமே. ஹாசன் மயக்கம் தெளிந்து தெம்பானதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது விரல் என்னால் போனது என்றேன். அவர் யோசித்துவிட்டு, "பரவாயில்லை பாக், இன்னும் ஏழு இருக்கிறது" என்றார். பாக் என்றால் ஐயா. அன்றிலிருந்து எனக்கு 'பாக் பெர்ச்சுமா' என்று பெயர் வைத்துவிட்டார். வீண் ஐயாவா, இலவச ஐயாவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் நான் கிளம்பியிருக்க வேண்டும். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். கிள்ளானுக்குப் போன் செய்தால் மனைவி முதலில் கேட்டது "சேலை?" என்றுதான். விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "அண்ணன் உங்களையும் கெடுத்துட்டாரா?" என்றாள். சேலைப் பிரச்சினையை ரோஸ்லின் அக்கா தீர்த்தார். நூல் துண்டோடு போனவர் ஒன்றரை மணி நேரத்தில் முப்பத்திரண்டு சேலையோடு வந்து இறங்கினார். நான் போன அதே கடை.

ஆக எனக்கு வேறு சாக்கு இல்லாமல் போயிற்று. தினமும் காலை ஆஸ்பத்திரி. ஒரு நாள் கன்னியம்மா மூத்திரச் சட்டியை என் கையில் நீட்டினார். மூக்கைப் பொத்தினேன். "இன்னாத்துக்கு மூக்கப் புடிக்கிற? உன் தோஸ்துதானே? எட்துகினு போ" என்றார். போனேன். இத்தனை வருடம் சேவையைப் பற்றிப் பேசியிருக்கிறேன், அதில் இந்தச் சட்டி ஒருமுறைகூட வரவில்லை. வந்திருந்தால் பிரசங்கம் சுருக்கமாக முடிந்திருக்கும்.

ஹாசனுக்கு ஆஸ்பத்திரிச் சோறு இறங்கவில்லை. வீட்டில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டேன். சம்பல் என்றார், எங்கள் ஊரிலும் செய்யும் மிளகாய்த் தொக்கு அது. கண் கலங்கியது. வீட்டில் வெந்நீர்கூட வைத்தறியாத நான் அன்று அக்காவின் சமையலறைக்குள் நுழைந்தேன். காசிமேட்டு நெத்திலிக் கருவாடு, வெங்காயம், மிளகாய், புளி, கொஞ்சம் வெல்லம். தேங்காய்ப் பாலில் சோறு. மனைவி செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் ஏதோ செய்தேன். அக்கா வாசலில் நின்று, "தம்பி, அடுப்பு பத்த வைக்காமலேயே கிண்டுதீங்க" என்றார்.

ஹாசன் தலை நிமிராமல் சாப்பிட்டார். தட்டு காலியான பிறகு உப்பு அதிகம் என்றார். பக்கத்துக் கட்டிலில் கை முறிந்து படுத்திருந்த மீனவர், "இன்னா நைனா, எங்க கருவாட்ட எங்களுக்கே காட்டாம துண்றீங்க" என்று கையை நீட்டினார். மறுநாளிலிருந்து நாலு பேருக்குச் செய்தேன்.

திரும்பும்போது ஒருநாள் மச்சானிடம் கேட்டேன். "இத்தனை வருஷமாய் இதைச் செய்கிறீர்களே, உங்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது?" பிரசங்கத்துக்கு உதவுகிற மாதிரி ஏதாவது சொல்வார் என்று ஆசை.

மச்சான் நிஜமாகவே யோசித்தார். "தெரியல மாப்ள. கடையில உக்காந்தா பதினோரு மணிக்குத் தலவலி வருது. இங்க வந்தா வரமாட்டேங்கு" என்றார். பிறகு, "பையப் பிடிங்க, பாத்திரம் சாயுது" என்றார்.

ஒன்பதாம் நாள் ஹாசனைக் கொஞ்ச நேரம் வெளியே அழைத்துப் போக டாக்டர் அம்மா அனுமதி கொடுத்தார். மூர்த்தி தலையணை இரண்டைக் கொண்டுவந்து ஆட்டோவில் போட்டு, கால் ஆடாமல் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். கல்மண்டபத்தில் ஐ.எஸ்.டி. பூத். ஹாசனின் தீவில் வீடுகளில் போன் கிடையாது. படகுத்துறைக் கடை ஒன்றின் எண்தான் இருந்தது. நான்தான் முதலில் பேசினேன். ஹாசனின் மனைவியைக் கூட்டி வாருங்கள், ஒரு மணி நேரத்தில் மறுபடி கூப்பிடுகிறோம் என்று, இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் ஹாசனிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டுச் சொன்னேன்.

அந்த ஒரு மணி நேரம் நாலு பேரும் டீ குடித்தோம். மச்சான் பதினைந்து முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

எண்ணை அழுத்தி ரிசீவரை ஹாசன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கண்ணாடிக் கதவை மூர்த்தி சாத்தினார். ஏதாவது மொழிபெயர்க்க வேண்டியிருந்தால் கூப்பிடுவார் என்று கதவருகிலேயே நின்றேன். உள்ளே ஹாசன் பேச ஆரம்பித்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை, குரல் நன்றாகக் கேட்டது. ஆனால் அது மலாய் இல்லை. இந்தோனேசிய மொழியும் இல்லை. அவர்கள் தீவில் மட்டும் பேசுகிற வேறு ஏதோ பாஷை.

"இன்னா சார் சொல்றான்?" என்றார் மூர்த்தி.

"தெரியவில்லை."

"இன்னாது?"

"எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை மூர்த்தி. அது அவர்கள் வீட்டுப் பாஷை."

"அப்ப உனுக்கு இங்க இன்னா வேல?"

ஒரு வேலையும் இல்லைதான். ஆட்டோவில் போய் உட்கார்ந்திருக்கலாம். மச்சான் கடையைத் திறந்திருக்கலாம், மூர்த்தி இரண்டு சவாரி போயிருக்கலாம். மூவரும் நகரவில்லை. லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்க, கண்ணாடியில் மூக்கு அழுந்த நின்றோம். மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்றார். உள்ளே ஹாசன் சத்தமாகச் சிரித்தார். பிறகு ஒரு கையால் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கட்டுப் போட்ட காலை மெதுவாகத் தூக்கி, இதோ பார் என்று தன் மனைவிக்குக் காட்டினார்.